கோப்பு முதலில், கணினி பிறகு: இரங்கூனில் ஒரு மீட்பு வேலை

இரங்கூனில் ஒரு கோயிலின் தமிழ் வகுப்புக் கணினி இந்த மழைக்காலத்தில் திறக்க மறுத்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் விசிறி சற்றே சுற்றி நிற்கும். சில நேரம் நீலத்திரை வரை போய், தானே அணைந்து, தானே மறுபடி தொடங்கும். பழுது பார்க்கும் கடை ஒன்றில் காட்டியபோது, "விண்டோஸ் கெட்டுவிட்டது, டிஸ்க்கை ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். வகுப்பை நடத்தும் வாத்தியார் ஐயா அதற்கு ஒப்புக்கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் ஒப்புக்கொண்டிருந்தால் இங்கே எழுத எதுவும் மிஞ்சியிருக்காது.

கணினியைப் பழுது பார்ப்பது ஒரு வேலை, கோப்புகளை மீட்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல வீடுகளில் கணினி நன்றாக ஓடுகிறது, உள்ளே இருந்த எதுவும் இல்லை. விண்டோஸை மறுபடி நிறுவுவது, பிழைதிருத்தும் நிரலை ஓட்டுவது, தானியங்கிப் பழுதுநீக்கத்துக்குச் சம்மதிப்பது எல்லாமே டிஸ்க்கில் எழுதும் வேலைகள். எழுதிய இடத்தில் முன்பு இருந்தது திரும்பாது. ஆகையால் முதலில் கோப்பு, அதற்குப் பிறகுதான் கணினி. இந்த வரிசையை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைச் சொன்னால் என் பிடிவாதம் புரியும். 1960களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு பர்மாவில் தமிழ் பெரும்பாலும் வீட்டிலும் கோயில் வகுப்பிலும்தான் பிழைத்து வந்திருக்கிறது. ஐயா பல ஆண்டுகளாகத் தம் கையால் தட்டச்சு செய்த பாடங்கள் அதில் இருந்தன. தமிழ்நாட்டுப் பாடநூலில் வரும் ஊரும் ஆறும் இங்குள்ள பிள்ளைகள் கண்ணால் காணாதவை. அதனால் ஐயாவின் பாடங்களில் ஐராவதி ஓடும், பகோ வயல்களில் நெல் விளையும், அனவ்ரதா சாலைக் காளியம்மன் கோயிலில் திருவிழா நடக்கும். மேல்வகுப்புப் பாடங்களில் 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது கால்நடையாக அசாம் வழியே இந்தியா சென்றவர்கள் வருவார்கள். 1964 மே மாதத்தில் 50, 100 சாட் (பர்மியப் பணம்) தாள்கள் செல்லாமல் போனதும், கப்பலேறிச் சென்னைக்குப் போனவர்கள் அங்கே பர்மா பஜாரில் கடை போட்டதும் வரும். இவற்றோடு குடும்பங்களிடமிருந்து வாங்கி ஸ்கேன் செய்த பழைய புகைப்படங்கள். பாடங்கள் வகுப்பில் பிரதி எடுத்துக் கொடுக்கப்பட்டவை என்றாலும் முழுத்தொகுப்பு வேறெங்கும் கிடையாது.

பெட்டியைத் திறந்ததும் செய்த முதல் காரியம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைத்தது. பழுது எதில் என்று தெரியாத நிலையில் கணினியின் உறுப்புகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் அதே பவர் சப்ளையில் டிஸ்க்கை மறுபடி மறுபடி ஓடவிடுவது ஆபத்து. மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும், 5 வோல்ட்டும் வேண்டும். தட்டுகளைச் சுழற்றும் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது, அடியில் உள்ள மின்னணுப் பலகை 5 வோல்ட்டில் வேலை செய்கிறது. மின்னழுத்தம் தடுமாறும்போது சுழல்வதும் நிற்பதுமாக இருந்தால், நலமாக இருக்கும் டிஸ்க்கும் நோயாளியாகிவிடும்.

மின்சாரத்தைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இரங்கூனில் மின்சாரம் முறைவைத்து வருகிறது, முறை தவறியும் போகிறது. திரும்பும்போது "மீ லா பீ", விளக்கு வந்துவிட்டது என்று தெருவே கூவும். கருவிகளுக்கு ஆபத்தான கணமும் அதுதான். ஒரே நேரத்தில் தெரு முழுதும் நீர் மோட்டாரும் குளிர்பெட்டியும் இன்வெர்ட்டரும் இழுக்க, 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் சரிந்து ஏறிச் சரியும். கோயில் அலுவலகத்தில் ஸ்டெபிலைசர் இருந்தது. ஆனால் அதில் ஒலிபெருக்கியும் மின்விசிறியும் இணைந்திருந்தன, கணினி நேரே சுவரில் இருந்தது.

பவர் சப்ளையைத் தனியே சோதிக்க எளிய வழி உண்டு. கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டில் செருகும் 24 ஊசி இணைப்பில் ஒரே ஒரு பச்சைக் கம்பி இருக்கும். அதை அருகிலுள்ள கறுப்புக் கம்பியோடு ஒரு வளைத்த காகித ஊக்கால் இணைத்தால் பவர் சப்ளை தனியாகவே ஓடும். பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கலாம்: மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. ஊதாவில் வருவது கணினி அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட். இவற்றில் 5 சதவீதம் வரை கூடலாம், குறையலாம். அதாவது மஞ்சள் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. சும்மா ஓடும்போது 11.9 காட்டியது. பலர் இதோடு நிறுத்திவிட்டு "பவர் சப்ளை நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டுகிறார்கள். சுமை ஏற்றாமல் பார்த்த அளவுக்குப் பொருளில்லை. காரின் திரும்பு விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே இணைத்தேன். அழுத்தம் 10.8க்கு விழுந்தது. விசிறி சற்றே சுற்றி நின்றதற்கு இதுவே காரணம்.

பவர் சப்ளையின் மூடியை நான் திறக்கவில்லை, நீங்களும் திறக்க வேண்டாம். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மாற்று பவர் சப்ளை பழைய பொருள் கடையில் கிடைக்கிறது, உயிர் கிடைக்காது.

வேறு ஒரு நல்ல பவர் சப்ளையை இணைத்து, டிஸ்க் இல்லாமலே கணினியை ஓட்டிப் பார்த்தேன். தற்காலிக நினைவகமான ரேமின் தங்கநிறப் பற்களில் மழைக்கால ஈரத்தின் மங்கல் இருந்தது. பென்சில் அழிப்பானால் மென்மையாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துச் செருகினேன். திரை வந்தது. கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரலான பயாஸுக்குள் போனால் ஆண்டு 2011 என்று காட்டியது. மதர்போர்டில் இருந்த நாணய அளவு மின்கலம், சிஆர்2032, 3 வோல்ட் காட்ட வேண்டியது 2.1 காட்டியது.

இந்தச் சின்ன மின்கலத்தின் கதை பர்மாவுக்கு மிகவும் பொருந்தும். கணினி அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை ஊதாக் கம்பியின் 5 வோல்ட் கடிகாரத்தையும் பயாஸ் அமைப்பையும் காப்பாற்றுகிறது. அதனால் மின்கலம் செத்துப்போனாலும் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. பல மணி நேர மின்வெட்டு தொடங்கியதும் அந்தத் துணை போய்விடுகிறது. மின்கலமும் தாங்கவில்லை என்றால் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து ஆலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும். இந்தக் கணினியில் அது மறந்தவற்றுள் முக்கியமானது டிஸ்க்கோடு பேசும் முறை. விண்டோஸ் 7 நிறுவப்பட்டபோது இருந்தது ஏஹெச்சிஐ முறை, இப்போது பயாஸ் காட்டியது ஐடிஇ. விண்டோஸ் 7 நிறுவும்போது எந்த முறை இருந்ததோ அதற்கான டிரைவர் நிரலை மட்டும்தான் தொடக்கத்தில் எழுப்பும். முறை மாறினால் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத்திரையில் நின்றுவிடும். ஐயா அந்த நீலத்திரையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். பிழை எண்ணின் கடைசியில் 7பி (7B). தொடக்க டிஸ்க்கை அணுக முடியவில்லை என்பதற்கான எண் அது.

ஆக, "விண்டோஸ் கெட்டுவிட்டது" என்ற தீர்ப்புக்கு ஆதாரமே இல்லை. செத்த மின்கலம் ஒன்றும் தளர்ந்த பவர் சப்ளை ஒன்றும் சேர்ந்து செய்த வேலை. இதற்காக டிஸ்க்கை அழிக்கச் சொன்னது எனக்கு இன்னும் கோபம் தருகிறது. பிழை எண்ணைப் படிக்க ஒரு நிமிடம் போதும்.

மின்கலத்தை மாற்றி, முறையை ஏஹெச்சிஐக்குத் திருப்பி, டிஸ்க்கைச் செருகினால் அப்போதே விண்டோஸ் திறந்திருக்கலாம். ஐயாவும் அதைத்தான் கேட்டார்.

"ஒருமுறை போட்டுப் பார்க்கலாமா தம்பி? திறந்துவிட்டால் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளலாமே."

"டிஸ்க்கின் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகு சொல்கிறேன், ஐயா."

விண்டோஸ் திறக்கும்போதே நூற்றுக்கணக்கான கோப்புகளில் எழுதும். முறையில்லாமல் அணைந்த டிஸ்க் என்று கண்டால் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க் நிரலைத் தானே ஓட்டவும் தொடங்கும். நல்ல டிஸ்க்கில் செக்டிஸ்க் உதவும். படிக்க முடியாத செக்டர் (டிஸ்க்கின் சிறு சேமிப்புக் கட்டம்) உள்ள டிஸ்க்கில் அது கோப்பு அட்டவணையைத் தன் இஷ்டப்படி வெட்டி ஒட்டிவிடும். பிறகு மீட்க வருகிறவருக்கு வேலை இரட்டிப்பாகும்.

டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டர் வழியாக என் மடிக்கணினியில் இணைத்தேன். விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம் லினக்ஸ். பென்டிரைவிலிருந்து அதில் தொடங்கி, புதிய டிஸ்க்குகளைத் தானாக ஏற்றும் வசதியை முன்னதாகவே அணைத்திருந்தேன். விண்டோஸில் செருகினால் அது கேட்காமலே சில அடைவுகளை (ஃபோல்டர்) உருவாக்கும், சில சமயம் "பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று பெட்டி போடும். லினக்ஸ் சொன்னதை மட்டும் செய்யும். டிஸ்க் சுழலும் ஒலி சீராக இருந்தது. டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டும் ஒலி கேட்டிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அது படிக்கும் தலை கெட்டதன் அடையாளம். தூசியற்ற அறை உள்ளவர்களிடம் கொடுப்பது ஒன்றே வழி. ஹார்ட் டிஸ்க்கைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று ஒரு யோசனை இன்னும் உலவுகிறது. இரங்கூனின் ஈரக்காற்றில் அதை வெளியே எடுத்த மறுகணம் உள்ளும் புறமும் நீர் கோக்கும். தயவுசெய்து வேண்டாம்.

டிஸ்க் தன்னைப் பற்றி எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டைப் படித்தேன். மொத்த நிலை "தேர்ச்சி" என்றிருந்தது. அந்த ஒரு சொல்லை நம்பக் கூடாது. கீழே வரிசை எண்களைப் பார்க்க வேண்டும். 5ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்களைச் சொல்லும், 197 படிக்க முடியாமல் காத்திருப்பவற்றைச் சொல்லும், 198 திருத்த முடியாதவற்றைச் சொல்லும். இங்கே 5இல் 16, 197இல் 48. டிஸ்க் சாகத் தொடங்கியிருந்தது. விண்டோஸைத் திறக்காமல் விட்டது சரிதான் என்று ஐயாவிடம் அந்த எண்களைக் காட்டிச் சொன்னேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் இதைத் தொடாமல் இதன் நகலைத்தான் தொட வேண்டும், இல்லையா?" என்றார். ஒரு வரியில் முழு முறையையும் சொல்லிவிட்டார்.

நகல் என்றால் கோப்புகளை இழுத்துப் போடுவது அல்ல. டிஸ்க்கின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை அப்படியே ஒரு பிம்பமாக எடுப்பது. அதற்கு நான் பயன்படுத்துவது டிடிரெஸ்கியூ என்னும் நிரல், குனு திட்டத்தைச் சேர்ந்தது, இலவசம். சாதாரண நகல் நிரல் கெட்ட இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும், அல்லது அதையே திரும்பத் திரும்பச் சுரண்டி டிஸ்க்கைக் களைப்படையச் செய்யும். டிடிரெஸ்கியூ முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிவதை மட்டும் அள்ளிக்கொண்டு, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்விடும். நல்லதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கெட்டதற்குத் திரும்பும். சாகும் டிஸ்க்கிடம் இப்படித்தான் கேட்க வேண்டும்.

அதில் எனக்கு மிகப் பிடித்தது அதன் வரைபடக் கோப்பு. எந்தப் பகுதி படித்தாயிற்று, எது தாண்டப்பட்டது, எது இன்னும் பார்க்கப்படவில்லை என்பதை ஒரு சிறிய எழுத்துக் கோப்பில் அவ்வப்போது குறித்துக்கொண்டே போகும். நடுவில் மின்சாரம் போனால், அதே கட்டளையை அதே வரைபடக் கோப்போடு மறுபடி கொடுத்தால் போதும், விட்ட இடத்திலிருந்து தொடரும். என் மடிக்கணினியின் யுஎஸ்பி 2 வழியாக நொடிக்கு 30 மெகாபைட் வந்தது. 500 ஜிபி டிஸ்க்குக்கு அது நாலரை மணி நேரத்துக்கும் மேல். இந்த ஊரில் தடையில்லாமல் அவ்வளவு நேரம் மின்சாரம் கிடைக்கும் என்று யார் உறுதி தர முடியும்? மடிக்கணினிக்குத் தன் பேட்டரி உண்டு. டிஸ்க்கின் அடாப்டருக்கு அது கிடையாது. அதை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினேன். இன்வெர்ட்டரும் இறங்கும் நிலை வந்தபோது நிரலை முறையாக நிறுத்தி, டிஸ்க்கைக் குளிரவிட்டு, மின்சாரம் வந்து அழுத்தம் நிலைத்த பிறகு தொடர்ந்தேன். ஒரு பைட்டும் வீணாகவில்லை. மின்வெட்டு உள்ள எந்த ஊரிலும் கோப்பு மீட்பு செய்கிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இந்த வரைபடக் கோப்பைத்தான். அது இல்லாமல் நகல் தொடங்கவே கூடாது.

தொடங்கும் முன் கவனிக்க வேண்டியவை சில. பிம்பம் விழும் டிஸ்க் மூலத்தைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். நான் 1 டிபி டிஸ்க் வைத்தேன். அது ஃபேட்32 என்னும் பழைய கோப்பு முறையில் இருக்கக் கூடாது, அந்த முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு எழுத முடியாது. எல்லாவற்றையும்விட, எது மூலம், எது இலக்கு என்பதைத் தயாரிப்பு எண்ணையும் கொள்ளளவையும் வைத்து உறுதி செய்ய வேண்டும். லினக்ஸ் டிஸ்க்குகளுக்குக் கொடுக்கும் எழுத்துப் பெயர்கள் செருகும் வரிசைக்கேற்ப மாறும். மூலமும் இலக்கும் இடம் மாறினால் வெற்று டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். கட்டளையைத் தட்டியபின் ஐயாவின் பேத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.

முதல் சுற்றிலேயே பெரும்பகுதி வந்துவிட்டது. இரண்டாம் சுற்றில் கெட்ட இடங்களை ஓரங்களிலிருந்து நெருங்கவும், பின்னிருந்து முன்னாகப் படிக்கவும் சொன்னேன். திசை மாறினால் சில செக்டர்கள் இசைந்து கொடுக்கும். இறுதியில் படிக்க முடியாமல் நின்றது 212 கிலோபைட். 500 ஜிபியில் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி.

டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டுத் தேதி எழுதி அலமாரியில் வைத்தேன். இனி எல்லா வேலையும் பிம்பத்தில்தான், அதுவும் படிக்க மட்டும் அனுமதித்து. பிம்பத்தில் மூன்று பிரிவுகள் இருந்தன. விண்டோஸ் 7 தனக்கென்று வைத்துக்கொள்ளும் 100 எம்பி பிரிவு 2048ஆம் செக்டரில் தொடங்கும், அடுத்தது 206848இல். இரண்டாவது விண்டோஸ் இருந்த பிரிவு, மூன்றாவது ஐயாவின் கோப்புகள் இருந்த பிரிவு. மூன்றாவதைத் திறந்ததும் புகைப்பட அடைவுகள் முழுசாக நின்றன. பாட அடைவில் பாதிக்கு மேல் இல்லை.

காரணம் தெளிவாகத் தெரிந்தது. விண்டோஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒவ்வொரு கோப்புக்கும் அட்டவணையில் 1024 பைட் பதிவு ஒன்று உண்டு. பெயர், தேதி, டிஸ்க்கில் இருக்கும் இடம் எல்லாம் அதில்தான். இந்த டிஸ்க்கின் உள்செக்டர் 4096 பைட். ஆகவே ஒரு செக்டர் போனால் நான்கு கோப்புகளின் முகவரி ஒரே அடியில் போகிறது. படிக்க முடியாத பகுதியில் ஒரு பங்கு அந்த அட்டவணையின் மேலேயே விழுந்திருந்தது. விண்டோஸ் அட்டவணைக்கு ஒரு மாற்றுப் பிரதி வைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது முதல் நான்கு பதிவுகளுக்கு மட்டுமே, பயனர் கோப்புகளுக்கு அல்ல. பதிவு போனாலும் கோப்பின் உடல் வேறிடத்தில் நலமாக இருக்கும். முகவரி தெரியாதவரை நூலகப் பட்டியல் எரிந்துபோய் நூல்கள் மட்டும் அலமாரியில் இருப்பது போலத்தான்.

சில கோப்புகளின் பதிவு நலமாக இருந்து, அடைவின் பட்டியல் மட்டும் சிதைந்திருந்தது. அவற்றை டெஸ்ட்டிஸ்க் நிரல் பெயரோடு காட்டியது, வெளியே எடுத்தேன். மீதிக்கு ஃபோட்டோரெக் நிரலை இறக்கினேன். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் பலவகைக் கோப்புகளைத் தேடும். அது அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. பிம்பத்தை முதலிலிருந்து இறுதிவரை படித்து, ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும்போது இருக்கும் அடையாள பைட்டுகளைத் தேடி, அங்கிருந்து வெட்டி எடுக்கும். பழைய வேர்டு கோப்புக்கு ஓர் அடையாளம், ஜேபெக் படத்துக்கு ஓர் அடையாளம். இந்த முறையில் பெயர் கிடைக்காது. எந்தச் செக்டரில் கண்டதோ அந்த எண்ணே பெயராக வரும். வெளியே வந்து குவிந்தவை பல்லாயிரம் கோப்புகள்: இணையத்தில் பார்த்த பக்கங்களின் துண்டுகள், கோயில் ரசீதுகள், பிள்ளைகள் இறக்கிய விளையாட்டுகளின் படங்கள், என்றோ அழித்த கடிதங்கள். நடுவில் எங்கோ ஐயாவின் பாடங்கள்.

வேர்டில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஆயுள் போதாது. "தமிழ்" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. ஐயா பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர். பாமினிக்குத் தமிழ் என்பது தோற்றம் மட்டுமே. உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துக்கள்தான், எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழுக்கெனத் தனி இடம் உண்டு, பாமினியில் இல்லை. பர்மிய நண்பர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019 அக்டோபர் 1இல் நாடு யூனிகோடுக்கு மாறத் தொடங்கும்வரை அவர்களும் ஸாவ்ஜி எழுத்துருவோடு இதைப் போன்ற போராட்டத்தில் இருந்தவர்கள்.

பாமினியில் "தமிழ்" என்று எழுத அழுத்தும் விசைகள் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி (jkpo;). ஆங்கிலத்தில் இந்த ஐந்தும் இந்த வரிசையில் அடுத்தடுத்து வருவதற்கு வாய்ப்பே இல்லை. ஆகவே அந்தக் குவியல் முழுவதிலும் இந்த ஐந்து குறிகளைத் தேடச் சொன்னேன். வேர்டு சில கோப்புகளில் எழுத்துக்கு ஒரு பைட்டும் சிலவற்றில் இரண்டு பைட்டும் செலவிடும் என்பதால் இரண்டு வடிவிலும் தேடினேன். குவியல் சட்டென்று வடிந்தது. மிஞ்சியவற்றைத் திறந்தால் பாடம், பாடம், பாடம். தமிழ் என்ற சொல் வராத பாடங்களுக்காக "பாடம்", "பர்மா" ஆகியவற்றின் பாமினி வடிவங்களையும் தேடினேன். ஃபோட்டோரெக் கொடுத்த செக்டர் எண்ணும் உதவியது. ஒரே காலத்தில் சேமித்த கோப்புகள் பெரும்பாலும் டிஸ்க்கில் அருகருகே இருக்கும். எண் வரிசைப்படி அடுக்கியதும் மூன்றாம் வகுப்புப் பாடங்கள் ஒரு கொத்தாகவும் ஐந்தாம் வகுப்பு இன்னொரு கொத்தாகவும் விழுந்தன. பேத்தி அவற்றைத் திரையில் பார்த்துப் பெயர் சூட்டிக்கொண்டே வந்தாள். "மாமா, இது ஐராவதிப் பாடம்! நான் இரண்டாம் வகுப்பில் படித்தது" என்று அவள் கத்தியபோது ஐயா எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஒரே பாடத்தின் பல பிரதிகளும் வந்தன. வேர்டு தன் கோப்புக்குள்ளேயே கடைசியாகச் சேமித்த நேரத்தை எழுதி வைக்கிறது. அதைப் பார்த்து இறுதிப் பிரதியைத் தேர்ந்தோம். ஆனால் பழைய பிரதிகளை நான் அழிக்கவிடவில்லை. ஒரு பழைய பிரதியில் 1942 நடைப்பயணம் பற்றி ஒரு பாட்டி சொன்ன இரண்டு பத்திகள் இருந்தன. இடம் போதவில்லை என்று பின்னால் நீக்கியவை என்றார் ஐயா. அடுத்த பதிப்பில் அவை திரும்ப வர வேண்டும் என்று அவரிடம் உரிமையோடு கேட்டிருக்கிறேன்.

கணினியைச் சரிசெய்தது இதன் பிறகு, அதைச் சொல்ல அதிகம் இல்லை. வேறு பவர் சப்ளை, புதிய சிஆர்2032, ஏஹெச்சிஐ முறை, பழைய டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டில்லாத 240 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டதால் அதை மறுபடி போடவில்லை, லினக்ஸ் மின்ட் நிறுவினேன். ஐயாவின் விரல்கள் பாமினி விசைகளுக்குப் பழகியவை. அதற்கு மிக நெருக்கமான ரெங்கநாதன் விசைப்பலகை லினக்ஸில் இருக்கிறது, எழுதுவது மட்டும் யூனிகோடில் விழும். அவர் உட்கார்ந்த அன்றே ஒரு பத்தி தட்டச்சு செய்துவிட்டார். எஸ்எஸ்டி பற்றி ஓர் எச்சரிக்கை: அதில் ஒரு கோப்பை அழித்தால், டிரிம் என்னும் வசதி அந்த இடத்தைச் சீக்கிரமே உண்மையாகவே காலி செய்துவிடும். ஹார்ட் டிஸ்க்கில் நான் செய்த வெட்டியெடுக்கும் வேலை அங்கே பெரும்பாலும் பலிக்காது. வேகம் தருகிறது என்று மகிழ்கிறவர்கள் பிரதி எடுப்பதை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது பாடங்களின் ஒரு பிரதி கோயில் கணினியில், ஒன்று தனி டிஸ்க்கில் ஐயாவின் வீட்டில், ஒன்று மோல்மேனில் அவருடைய தம்பி வீட்டில். கணினி ஸ்டெபிலைசரில் இருக்கிறது. மின்சாரம் போனதும் செருகியைப் பிடுங்கிவிட்டு, வந்த பிறகு விளக்கு துடிக்காமல் எரியும்வரை காத்திருந்து மாட்டுவது வகுப்பின் மூத்த பிள்ளைகளின் பொறுப்பு.

பாமினியை யூனிகோடாக மாற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. இது ஒரே சொடுக்கில் முடிகிற காரியமல்ல. பாமினியில் கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மெய்க்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் மெய்க்குப் பின்னால். இதை மாற்றிகள் செய்துவிடும். சிக்கல் நிறுத்தற்குறிகளிலும் இடையே வரும் ஆங்கிலத்திலும்தான். பாமினியில் காற்புள்ளி விசையை அழுத்தினால் "இ" வரும். பாடத்தின் நடுவே ஆங்கில எழுத்துருவில் உண்மையான காற்புள்ளி இருந்தால், எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து மாற்றும் கருவி அதையும் "இ" ஆக்கிவிடும். எனவே எந்தப் பகுதி பாமினி, எந்தப் பகுதி வேறு எழுத்துரு என்று வேர்டு குறித்திருப்பதைப் படித்து, பாமினிப் பகுதிகளை மட்டும் மாற்ற வேண்டும். அப்படிச் செய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். அதன் வெளியீட்டை ஐயா வரி வரியாகப் பார்க்கிறார்.

மீளாதவை இரண்டு. நான்காம் வகுப்புப் பாடம் ஒன்றின் பின்பாதி படிக்க முடியாத செக்டர்களில் போய்விட்டது. முன்னாள் மாணவி ஒருவர் அச்சுப் பிரதியைக் கொடுத்தார், ஐயா அதைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். மற்றொன்று ஒரு குடும்பப் படம், கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக வந்தது. மூலப்படம் பகோவில் அந்தக் குடும்பத்தாரிடமே இருக்கிறது. அடுத்த மாதம் நெல் அறுப்புக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் ஸ்கேனரைக் கொடுத்தனுப்பப் போகிறோம். முதல் படம் அங்கேயே இரண்டு பென்டிரைவுகளில் ஏறிய பிறகுதான் ஸ்கேனர் பைக்குள் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.